ஏ.ஓ.ஹியூம்: பறவைக் கணக்கைப் பொதுவில் வைத்தவர்

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்றதும் பள்ளிப் பாடத்தில் படித்த ஒரு வரிதான் பலருக்கும் நினைவுக்கு வரும்: 1885இல் இந்திய தேசிய காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்த ஆங்கிலேயர். அதே ஹியூம், வேளாண்மைக்கென்று இந்திய அரசு முதன்முதலில் ஏற்படுத்திய துறையின் செயலராகவும் இருந்தார். இந்தியப் பறவையியலின் தந்தை என்றும் அவரைச் சொல்வார்கள். வயலில் இறங்கி எதையாவது எண்ணி, குறித்து வைக்கும் எல்லோருக்கும் அவருடைய வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது. ஏனென்றால், 25 ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த குறிப்புகளின் பெரும்பகுதியை அவர் பழைய பேப்பர் கடைக்குப் பறிகொடுத்தவர்.

முதல் இழப்பு

ஹியூம் 1829ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி பிறந்தார். தந்தை ஜோசப் ஹியூம், பிரிட்டன் நாடாளுமன்றத்தில் சீர்திருத்தம் பேசிய உறுப்பினர். மகன் 1849இல், 20 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைக்காக இந்தியா வந்தார். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள எட்டாவாவில் பணி கிடைத்தது. பின்னர் அந்த மாவட்டத்துக்கே ஆட்சியராகி, கிராமங்களில் இலவசப் பள்ளிகளைத் திறந்தார்.

ஓய்வு நேரத்தில் பறவைகளைச் சேகரிப்பது அவரது வழக்கம். அந்தக் காலத்தில் தொலைநோக்கியும் கேமராவும் இன்றுபோல் கைக்கு எட்டுபவையாக இல்லை. பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பாடம் செய்து, காலில் ஒரு சீட்டைக் கட்டி வைப்பார்கள். அப்படிச் சேர்த்தவையெல்லாம் 1857 கிளர்ச்சியில் அழிந்துபோயின. கிளர்ச்சி அடங்கிய பின் ஹியூம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகள் அனைத்தையும் பற்றி ஒரு முழுமையான நூல் எழுத வேண்டும் என்பதே அது.

உப்பு வேலியும் வேளாண் துறையும்

1867இல் அவர் உள்நாட்டுச் சுங்க ஆணையர் ஆனார். உப்பு வரி கட்டாமல் யாரும் உப்பு கொண்டுபோகாதபடி, சிந்து நதிப் பக்கத்திலிருந்து ஒடிசாப் பக்கம் வரை நீண்ட சுங்க எல்லை ஒன்றை ஆங்கில அரசு போட்டிருந்தது. அதன் பெரும்பகுதி முள்வேலி. இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி என்று அந்தந்த மண்ணுக்கு எது பிடிக்குமோ அதை நட்டு வளர்த்தார்கள். வேலியை அடர்த்தியாக்குவதில் ஹியூமுக்குப் பெரும்பங்கு உண்டு. ஏழைகள் தலையில் விழுந்த ஒரு வரியைக் காத்த வேலி அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1879இல் அந்தச் சுங்க எல்லை கைவிடப்பட்டது.

1871இல் வைஸ்ராய் மேயோ பிரபு வருவாய், வேளாண்மை, வணிகத் துறையை உருவாக்கி ஹியூமைச் செயலராக நியமித்தார். மேயோ மறு ஆண்டே அந்தமானில் கொல்லப்பட்டார். துறையின் பெயரில் வேளாண்மை இருந்தாலும், அரசின் கவனம் வருவாயில்தான் நின்றது. தன் ஏமாற்றத்தையும் யோசனைகளையும் சேர்த்து 1879இல் வேளாண் சீர்திருத்தம் பற்றி ஹியூம் ஒரு நூல் எழுதினார்.

அதில் அவர் சொன்னவை இன்றும் பழசாகவில்லை. எந்த நாளில் எந்தப் பயிரை விதைக்க வேண்டும் என்பதை இந்திய உழவர் நன்றாக அறிவார். களை இல்லாத அவரது கோதுமை வயலைப் பார்த்து ஐரோப்பியர் வெட்கப்பட வேண்டும் என்றார். குறை இருப்பது எருவில்தான். சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்துபோவதால் மண்ணுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே ஊருக்கு ஊர் விறகுத் தோப்பு வளர்க்க வேண்டும் என்றார்.

நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் நிற்கும் 1876-78 கொடும்பஞ்சம் முடிந்த கையோடு, 1879இல் அந்தத் துறையே கலைக்கப்பட்டது. மேலிடத்தின் போக்கை வெளிப்படையாகக் குறை சொன்ன ஹியூம் செயலர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். பஞ்ச ஆணையம் வலியுறுத்திய பிறகு, 1881இல் வேளாண் துறை மீண்டும் உயிர்பெற்றது. ஹியூம் 1882இல் பணியிலிருந்து விலகினார்.

சிம்லா வீட்டுக்கு வந்த கடிதங்கள்

அலுவலக வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரமெல்லாம் பறவைகளுக்கே போனது. சிம்லாவின் ஜாக்கூ மலையில் இருந்த அவர் வீட்டில் பாதி அருங்காட்சியகமாகிவிட்டது. சிந்து, அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவு, மணிப்பூர் என்று நேரில் போய்ச் சேகரித்தார்.

ஆனால் ஒரு மனிதரால் ஒரு துணைக்கண்டத்தைச் சுற்றிவர முடியாது. இதைப் புரிந்துகொண்டதுதான் ஹியூமின் பெரிய பலம். ராணுவத்தினர், வன அலுவலர், மருத்துவர், தோட்ட முதலாளி, ரயில்வே பொறியாளர் என்று நாடெங்கும் இருந்த ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதி, அவரவர் ஊரில் கண்டதை எழுதி அனுப்பச் சொன்னார். நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து மார்கரெட் காக்பர்ன் என்ற பெண்மணி கூடுகள், முட்டைகள் பற்றிய குறிப்புகளை அனுப்பிவந்தார். ஹியூமிடம் சேகரிப்பாளராக இருந்த வில்லியம் டேவிசனின் நீலகிரிக் குறிப்புகளும் இப்படிச் சேர்ந்தவைதான்.

வருகிற தகவல் ஒரே அளவுகோலில் இருந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். பறவையை எப்படிப் பாடம் செய்வது, எந்தெந்த அளவுகளை எடுப்பது, சீட்டில் எவற்றை எழுதுவது என்று சேகரிப்பாளர்களுக்கு 1874இல் ஒரு கையேடே வெளியிட்டார். தேதி, இடம், ஆணா பெண்ணா, சேகரித்தவர் யார் என்பவை இல்லாத பறவை அலங்காரப் பொருளாகலாம், ஆய்வுக்கு உதவாது.

சேர்ந்த தகவலை அவர் பூட்டி வைக்கவில்லை. 1872இல் சொந்தச் செலவில் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்ற பறவையியல் இதழைத் தொடங்கினார். சிற்றூரில் இருந்து எழுதியவரின் குறிப்பும் அவர் பெயரோடு அதில் அச்சேறியது. 1873இல் கூடுகள், முட்டைகள் பற்றிய நூலின் முதல் வரைவையும் அப்படியே அச்சிட்டுவிட்டார். முழுமை பெறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

எடைக்குப் போன ஏடுகள்

பெரிய நூல் மட்டும் கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. 1880களின் நடுவில் பயணம் போய்த் திரும்பிய ஹியூம், அந்தத் தாள்கள் பெருமளவில் காணாமல் போயிருப்பதைக் கண்டார். வேலையாள் ஒருவர் அவற்றைச் சிம்லா கடைத்தெருவில் பழைய காகிதமாக விற்றுவிட்டார். 25 ஆண்டு உழைப்பு பொட்டலம் மடிக்கப் போய்விட்டது. பிரதி எதுவும் இல்லை.

ஹியூம் மனம் விட்டுப்போனார். அதற்கு முன்பே, ஆன்மிக ஈடுபாட்டால் பறவைகளைக் கொல்வதையும் புலால் உண்பதையும் அவர் விட்டிருந்தார். நூல் எழுதும் எண்ணத்தைக் கைவிட்டு, சேகரிப்பு முழுவதையும் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுக்க முன்வந்தார். அங்கிருந்து 1885இல் பவுட்லர் ஷார்ப் என்ற பறவையியலாளர் சிம்லா வந்தார். பூச்சி அரித்தவற்றைக் கழித்த பிறகு, பறவைகளும் முட்டைகளுமாக ஏறக்குறைய 82,000 மாதிரிகள் தேறின. அவை 47 தேவதாரு மரப்பெட்டிகளில் மலையிறங்கி லண்டன் போய்ச் சேர்ந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸின் முதல் மாநாடு கூடியது. பல ஆண்டுகள் ஹியூம் அதன் பொதுச்செயலராக உழைத்தார். 1894இல் இங்கிலாந்து திரும்பியவர் செடிகளின் பக்கம் திரும்பினார். சாதாரண மக்களும் தாவரவியல் கற்க வேண்டும் என்று 1910இல் தெற்கு லண்டனில் தன் பணத்தில் ஒரு தாவரவியல் நிலையம் அமைத்தார். அது இன்றும் இயங்குகிறது. 1912ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி காலமானார்.

139 ஆண்டுகளுக்குப் பிறகு

கதை அதோடு முடியவில்லை. 1867இல் ஹியூம் இமாச்சலத்தின் சட்லஜ் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய கதிர்க்குருவியைச் சேகரித்திருந்தார். அலகு சற்றுப் பெரிதாக இருந்ததால் அது தனி இனம் என்று கருதினார். அதன் பிறகு அப்படி ஒரு பறவையை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. வேறு ஏதோ ஒரு கதிர்க்குருவியை அவர் தவறாக நினைத்துவிட்டாரோ என்றுகூடச் சந்தேகித்தார்கள். 2002இல் அந்தப் பழைய மாதிரியின் மரபணுவைச் சோதித்து, தனி இனம்தான் என்று உறுதி செய்தார்கள். 2006 மார்ச்சில் தாய்லாந்தில், கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பகுதி ஒன்றில், வலையில் ஒரு பறவை சிக்கியது. அதன் மரபணுவை ஹியூமின் பறவையோடு ஒப்பிட்டதும் விடை கிடைத்தது. 139 ஆண்டுகளுக்குப் பிறகு பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி மீண்டும் கண்ணில் பட்டது. அது ஆப்கானிஸ்தானில் கூடு கட்டுவதும் பின்னர் தெரியவந்தது.

1867இல் மரபணு என்ற சொல்லே கிடையாது. காலில் கட்டிய சீட்டும், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டக்கூடிய ஓர் இடமும் இருந்ததால், ஹியூம் கனவிலும் நினைக்காத கேள்விக்கு அந்தப் பறவை பதில் சொன்னது.

வேளாண்மையோடு நேரடித் தொடர்புள்ள இன்னொரு சான்றும் உண்டு. பிரிட்டனில் ஆர்வலர்கள் பல தலைமுறையாகச் சேர்த்து வைத்திருந்த வல்லூறு முட்டைகளை எடுத்து ஆராய்ந்தபோதுதான், 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடுகள் மெலிந்துபோனது தெரிந்தது. டிடிடி பூச்சிக்கொல்லி பரவிய காலம் அது. அந்த ஆய்வு 1967இல் வெளியானது. முட்டை சேர்த்தவர்களில் யாரும் பூச்சிக்கொல்லியை நினைத்துச் சேர்த்தவர்கள் இல்லை.

நம் கையில் இருப்பது

ஹியூம் கடிதம் எழுதிச் செய்த வேலையை இன்று கைபேசி செய்கிறது. ‘இ-பேர்ட்’ செயலியில் யார் வேண்டுமானாலும் தான் கண்ட பறவைகளைப் பதியலாம். அங்கே சேரும் தகவல், உலகப் பல்லுயிர்த் தகவல் களஞ்சியத்துக்கும் போய், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்கிறது. 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் 3 கோடிப் பதிவுகளை வைத்து, 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வெளியானது. மயில் பெருகுவதும் பனங்காடை குறைவதும் அதில் பதிவாகியிருக்கின்றன. மயிலால் பயிர் போகிறது என்று குறைதீர் கூட்டத்தில் சொல்லும்போது, எப்போது, எங்கே, எத்தனை என்ற கணக்கு கையில் இருந்தால் அந்தப் பேச்சுக்கு வலு கூடும். பூச்சி பிடிக்கும் பனங்காடை குறைவதையும் நாம்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

விரிவாக்கப் பணியாளர்களிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறியிலும் விளக்குப் பொறியிலும் வாரந்தோறும் எண்ணும் எண்ணிக்கை, பருவம் முடிந்ததும் பதிவேட்டோடு அலமாரிக்குப் போகிறது. சில ஆண்டுகளில் அந்தப் பதிவேடு எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். ஹியூமின் தாள்கள் போன அதே இடத்துக்குத்தான்.

செய்ய வேண்டியது நான்குதான்.

தேதி, ஊர், வயல், எண்ணிக்கை நான்கையும் தவறாமல் எழுதுங்கள்.

ஒன்றும் தென்படாத நாளில் பூஜ்யம் என்று குறியுங்கள்; அதுவும் தகவல்தான்.

பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து இன்னொருவரிடமும் ஒரு பிரதி இருக்கச் செய்யுங்கள்.

முழுமை பெறட்டும் என்று காத்திருக்காமல் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துடனோ பறவை ஆர்வலர் குழுவுடனோ பகிர்ந்துகொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் வரப்பில் கால் மணி நேரம் நின்று எண்ணினால் போதும், அந்தக் கணக்கில் உங்கள் வயலும் சேர்ந்துவிடும். வருகிற பொங்கலிலேயே தொடங்கலாம்.