கடற்காகங்களின் நண்பர்!

கடற்காகம் என்ற பறவையைத் தெரியுமா குழந்தைகளே? பெயரில்தான் காகம், உடம்பில் பெரும்பகுதி வெள்ளை நிறம்! இது மணல்மேட்டில் சிறு பள்ளம் பறித்து, புல்லைப் பரப்பி முட்டையிடும். ஒரே மேட்டில் நூற்றுக்கணக்கான ஜோடிகள் கூடு கட்ட வந்தால், இடத்துக்குச் சண்டை வராமல் இருக்குமா? அந்தச் சண்டைகளைப் பல ஆண்டுகள் கவனித்தவர்தான், நோபல் பரிசு பெற்ற நிகோ டின்பர்கன்.

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், 1907 ஏப்ரல் 15ல் பிறந்தார் நிகோ. பள்ளிப் பாடங்களில் அவருக்கு அவ்வளவு ஆர்வமில்லை. வீட்டுக் கொல்லையில் இரண்டு சிறிய மீன் தொட்டிகள் வைத்து, ஸ்டிக்கில்பேக் மீன்கள் கூடு கட்டுவதை வேடிக்கை பார்ப்பதுதான் அவருக்குப் பிடிக்கும்.

வளர்ந்ததும், லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். கடலோர மணல்மேடுகளில் மறைந்திருந்து, கடற்காகங்களைக் கவனித்தார். ஒவ்வொரு ஜோடியும் கூட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தைத் தனதாக்கிக் கொள்ளும். எல்லை தாண்டி வரும் பக்கத்து வீட்டுக் குஞ்சைக்கூடக் கொத்திவிடும்!

எல்லையில் இரண்டு ஆண் பறவைகள் சந்தித்தால் என்ன நடக்கும்? பாய்ந்து தாக்கவும் தோன்றும். பயந்து ஓடவும் தோன்றும். இரண்டும் செய்யாமல், தரையை ஓங்கிக் கொத்தி, புல்லை வெடுக்கென்று பிடுங்கும்! இப்படி மிரட்டியே பல சண்டைகள் ரத்தமின்றி முடிந்துவிடும் என்று விளக்கினார் நிகோ.

ஆனால், மனிதர்களின் சண்டை அப்படி முடியவில்லை. 1940ல் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. யூதப் பேராசிரியர்கள் வேலையிலிருந்து விரட்டப்பட்டனர். நிகோ யூதர் அல்ல. பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனாலும், சக ஆசிரியர்களோடு சேர்ந்து எதிர்த்தார். 1942ல் அவரைப் பிணைக்கைதியாக முகாமில் அடைத்தனர். எப்போது யாரைச் சுடுவார்களோ என்ற அச்சத்திலேயே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அங்கிருந்தபடியே, தன் குழந்தைகளுக்காக ஒரு கடற்காகத்தின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். போர் முடிந்தபின் அது புத்தகமாகவும் வந்தது.

1949ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே கருந்தலைக் கடற்காகங்களை ஆராய்ந்தார். குஞ்சு பொரித்ததும், தாயோ தந்தையோ உடைந்த ஓட்டைத் தூக்கிப்போய் தூரத்தில் போட்டுவிடும். ஏன் இந்த வேலை? நிகோவும் மாணவர்களும் மணலில் முட்டைகளை வைத்துச் சோதித்தனர். உடைந்த ஓட்டின் பக்கத்தில் இருந்த முட்டைகளே, காகங்களின் கண்ணில் அதிகம் பட்டன. ஓட்டின் உட்புற வெண்மை, கூட்டைக் காட்டிக் கொடுத்தது!

ஆனால், பறவை ஓட்டை உடனே தூக்கிப் போவதில்லை. குஞ்சின் ஈரம் காயும்வரை காத்திருக்கும். காரணம், ஈரக் குஞ்சை எளிதாக விழுங்கிவிடும் பக்கத்து வீட்டுக் கடற்காகங்கள்!

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக, 1973ல் கார்ல் வான் ஃபிரிஷ், கோன்ராட் லோரன்ஸ் ஆகியோரோடு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய அண்ணன் யான் டின்பர்கனும் 1969ல் பொருளாதாரத்துக்காக நோபல் பரிசு வாங்கியவர்!

1988 டிசம்பர் 21ல் நிகோ மறைந்தார். மீன் தொட்டி முன் உட்கார்ந்த சிறுவனின் ஆர்வம், அவரிடம் கடைசிவரை இருந்தது. நீங்களும் ஒரு பறவையைப் பத்து நிமிடம் சத்தமின்றிக் கவனித்துப் பாருங்களேன்!