மலைக்காட்டில் அலைந்த மஸ்தான்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அய்யனார் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா, குட்டி நண்பர்களே? மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ஒரே கும்மாளம்தான்! அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீண்டுகொண்டே போகும். ஸ்ரீவில்லிபுத்தூரையும் தாண்டினால் சதுரகிரி. சித்தர்கள் வாழ்ந்த மலை என்பார்கள். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் காட்டில் ஒரு முஸ்லிம் இளைஞரும் தவம் செய்து திரிந்தார் என்று அவரது வரலாறு கூறுகிறது. அவர்தான் குணங்குடி மஸ்தான் சாகிபு.

இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். ராமநாதபுரம் சீமையில், தொண்டிக்குப் பக்கத்திலுள்ள குணங்குடியில் 1792-ஆம் ஆண்டு பிறந்தார். கீழக்கரைக்குச் சென்று அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் கற்றார். தமிழிலும் நல்ல புலமை.

உங்கள் முஸ்லிம் நண்பர்கள் தொழுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்வார்கள். பிறகு நிற்பார்கள், குனிவார்கள், நெற்றியைத் தரையில் வைப்பார்கள். இதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும். ஆனால், தொழுகை தொடங்கும் முன் மனதில் ஓர் எண்ணம் வேண்டும். நிய்யத் என்று அதற்குப் பெயர். இறைவனுக்காகவே இதைச் செய்கிறேன் என்ற எண்ணம். அது யார் கண்ணுக்கும் தெரியாது. நோன்பும் அப்படித்தான். பட்டினி கிடப்பது வெளியே. எதற்காகக் கிடக்கிறோம் என்பது உள்ளே.

கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, நாம் வணங்கும்போது மனசு என்ன செய்கிறது? பாதி நேரம் கிரிக்கெட் மைதானத்துக்கு ஓடிவிடுகிறது, இல்லையா? அப்துல் காதிருக்கும் இதே கவலைதான். எல்லாம் படித்தாகிவிட்டது, எல்லாம் முறைப்படி செய்தாகிவிட்டது, உள்ளம் மட்டும் இறைவனிடம் நிற்க மறுக்கிறதே என்று வருந்தினார். ஓடும் மனதை நொந்துகொண்டு அவர் பாடிய கண்ணிகள் ஏராளம்.

வீட்டில் மாமன் மகளைத் திருமணம் பேசினார்கள். அவர் மறுத்துவிட்டார். 1813-இல் வீட்டையே விட்டுப் புறப்பட்டார். இஸ்லாம் யாரையும் குடும்பத்தைத் துறக்கச் சொல்வதில்லை. அதனால் அவரது முடிவு பலருக்குப் புரிந்திருக்காது. வீட்டில் எவ்வளவு தவித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மதுரைக்கு அருகே திருப்பரங்குன்றம் மலையில் 40 நாள் நோன்பிருந்து, தனிமையில் தியானம் செய்தார். பிறகுதான் சதுரகிரி, நாகமலை, ஆனைமலை என்று காடு மேடெல்லாம் சுற்றினார். பசித்தால் காயும் கிழங்கும்தான். கந்தல் உடை; தன் நினைவே இல்லாத நடை. பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்தார்கள். மஸ்தான் என்றால் என்ன பொருள் தெரியுமா? பாரசீக மொழியில் போதையேறியவர்! இறையன்பில் மயங்கியவரை அப்படி அழைப்பார்கள். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

கடைசியில் சென்னை வந்து, அன்று புதர்க்காடாக இருந்த ராயபுரத்தில் தங்கினார். கந்தலைப் பார்த்து விலகியவர்கள் உண்டு. பாடலைக் கேட்டு நெருங்கியவர்களும் உண்டு. பராபரக் கண்ணி, எக்காலக் கண்ணி, ரகுமான் கண்ணி என்று எளிய தமிழில் பாடினார். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துப் புலவர்களும் சீடரானார்கள். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் பெரிய தமிழ் வித்துவான். அவரே இந்தக் கந்தல் உடைக்காரர்மீது நான்மணிமாலை பாடினார் என்றால் பாருங்களேன்!

1838-இல் மஸ்தான் சாகிபு மறைந்தார். அவரது அடக்கத்தலம் ராயபுரத்தில் இருக்கிறது. தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் அவரைத் தொண்டியார் என்றே அழைத்தார்கள். பக்கத்திலுள்ள தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் அவரால் வந்தது என்று சொல்வார்கள்.