சொந்தத்தில் திருமணமும் டாக்டர் கேரோட்டும்

கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும், நம் வீடுகளில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் மாமா மகள், மாமி மகன் பேச்சு வராமல் இருக்காது. அதனால்தான் சர் ஆர்ச்சிபால்ட் கேரோட் என்ற ஆங்கிலேய மருத்துவரின் வாழ்க்கையை இங்கே சொல்கிறோம்.

1857-ல் லண்டனில் பிறந்தவர். தந்தையும் பெயர் பெற்ற மருத்துவர். கௌட் எனும் மூட்டுவலிக்காரர்களின் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுவதைக் கண்டறிந்தவர். மகனுக்கும் நோயை ரசாயனக் கண்ணோடு பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

லண்டன் மருத்துவமனையில் ஒரு சிறுவன் அவரிடம் வந்தான். அவனுடைய சிறுநீர் காற்றுப்பட்டதும் கறுத்தது. அல்காப்டோனூரியா என்பது நோயின் பெயர். புரதத்தில் ஒரு பகுதியை முழுதாக உடைக்க உடலுக்கு முடியாததால் வெளியேறும் ஓர் அமிலம்தான் அந்தக் கறுப்பு. நடுவயதில் முதுகெலும்பையும் மூட்டுகளையும் அது பதம் பார்த்துவிடும். குடலில் புகுந்த கிருமியே காரணம் என்று அன்றைக்கு மருத்துவர்கள் பலர் நினைத்தார்கள்.

1901-ல் அதே தாய்க்கு இன்னொரு குழந்தை பிறந்தது. குழந்தையின் துணிகளைக் கவனித்து வரச் சொன்னார் கேரோட். மூன்றாம் நாளே கறை தெரிந்துவிட்டது. அப்படியானால் இது பிறவியிலேயே வந்தது! விசாரித்தால், பெற்றோர் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள். இந்த நோய் இருந்த வேறு குடும்பங்களிலும் இதே உறவு அடிக்கடி தென்பட்டது. மெண்டலின் பரம்பரை விதியை அறிந்த பேட்சனோடு கலந்துபேசி, 1902-ல் தம் கட்டுரையை வெளியிட்டார். தாய், தந்தை இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்து, இரண்டும் பிள்ளையில் சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும். சொந்தத்தில் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவே. சொந்தத் திருமணங்களில் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1909-ல் நூலாகவும் எழுதினார். அவர் ஊகித்த நொதிக் குறைபாடு ஆய்வகத்தில் உறுதியானது 1958-ல்தான். அதற்குள் அவர் மறைந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் உலகப்போரில் இரண்டு மகன்களை இழந்தார். மூன்றாமவரை 1919-ல் விஷக்காய்ச்சல் கொண்டுபோனது. எஞ்சிய ஒரே மகள் டோரத்தி, பாலஸ்தீனத்தின் கார்மல் மலைக் குகைகளில் அகழாய்வு செய்து, பின்னர் கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியர் ஆனார்.

இது ஏதோ சீமைக் கதை என்று ஒதுக்க முடியாது. 2014-ல் வெளியான ஆய்வு ஒன்று, தமிழகத்தின் ஒரு பகுதியில் வாழும் நரிக்குறவர் மக்களில் 41 பேரைச் சோதித்து, 16 பேரிடம் இதே நோயைக் கண்டது. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணமுடித்து வந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றது.

மார்க்கம் இந்த உறவில் மணமுடிக்க அனுமதித்திருக்கிறது; கட்டாயப்படுத்தவில்லை. முடித்தவர்கள் பயந்துகொண்டிருக்க வேண்டியதும் இல்லை. பினைல்கீட்டோனூரியா, கேலக்டோசீமியா போன்ற பிறவிக் குறைகளை முதல் நாட்களிலேயே கண்டுபிடித்தால், உணவை மாற்றியே பெரும் பாதிப்பைத் தடுக்கலாம். குழந்தை பிறந்து 48 மணி நேரம் கழிந்தபின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தாளில் எடுப்பார்கள். பிரசவத்துக்குக் கடலூர் போனாலும் சிதம்பரம் போனாலும், நீங்கள் சொந்தத்தில் மணமுடித்தவர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லி, இந்தச் சோதனையைக் கேளுங்கள். முந்தைய குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.