பறவைகளுக்குக் கணக்கு எழுதியவர்

நம் கடைகளில் பற்றுவரவு ஏடு எழுதாத நாளில்லை. பறவைகளுக்கு அவ்விதம் ஏடு எழுதிய ஒரு பெரியவரை இங்கு நினைவு கூர்கிறோம்.

சாலிம் அலி அவர்கள் 1896ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தார்கள். மூன்று வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, மாமா அமீருத்தீன் தையப்ஜி வீட்டில் வளர்ந்தார்கள். சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, இதை உண்ணலாமா என்று மாமாவிடம் கேட்டார்கள். அவருக்கும் அது என்ன பறவையென்று விளங்கவில்லை; பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே வழி திறந்தது.

பர்மாவில் செய்த வியாபாரம் பலிக்கவில்லை. ஜெர்மனியில் கற்று 1930இல் திரும்பியபோது, முன்பு பார்த்த பொருட்காட்சிசாலை உத்தியோகமும் இல்லை. கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் மனைவி தெஹ்மினாவுடன் தங்கி, தூக்கணாங்குருவி கூடு கட்டும் விதத்தைக் கவனித்து எழுதினார்கள். 1939இல் மனைவி வபாத்தான பின்பும் ஏட்டை மூடவில்லை. 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய நூல் வெளிவந்தது.

பரத்பூர் ஏரியில் 1938இல் வைஸ்ராயின் வேட்டையில் ஒரே நாளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டன. சுதந்திரத்துக்குப்பின் அவ்வேரியை வயலாக்கக் கோரிக்கை எழுந்தபோது, நேருவிடம் முறையிட்டுக் காத்தவர்களில் முதன்மையானவர் சாலிம் அலி. 1985இல் அது உலகப் பாரம்பரிய இடமாயிற்று. 1987இல், தொண்ணூறு வயதில், அவர்கள் மறைந்தார்கள்.

விடுமுறையில் நம் பிள்ளைகளைச் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு அழைத்துச் செல்வோம். கண்ட பறவையின் பெயர், இடம், தேதி மூன்றையும் எழுத ஓர் ஏடு வாங்கிக் கொடுப்போம்.