துவாரகநாத தாகூரும் அவர்தம் நீராவிக் கப்பல்களும்

தாகூர் என்றவுடன் நம் அன்பர்கட்கு நினைவில் வருபவர் கவியரசர் இரவீந்திரநாதரே யாவர். அவர்தம் பாட்டனார் துவாரகநாதரைப் பற்றித் தமிழ்நாட்டில் அறிந்தார் சிலரே. சொந்தமாக நீராவிக் கப்பல் வைத்திருந்து, அதிலேயே கடல் கடந்து சென்ற பெருஞ்செல்வர் அவர். பட்டு நூலும் சரிகையும் கடனுக்கு வாங்கித் தறி நடத்தும் நம் குடும்பத்தார், அவர் ஈட்டிய பொருளை யன்றி அவர் பட்ட கடனையும் அறிதல் நன்றெனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

துவாரகநாதர் 1794-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்னும் பகுதியில் பிறந்தார். பெரிய தந்தையார் இராமலோசனர் அவரைச் சுவீகாரம் கொண்டார். ஜமீன் கணக்கும் சட்டமும் கற்றுத் தேர்ந்து, கும்பினியாரின் உப்பு இலாகாவில் திவான் பதவி வரை உயர்ந்த அவர், 1834-இல் அவ்வுத்தியோகத்தை விடுத்து, வில்லியம் கார் என்னும் ஆங்கிலேயரைக் கூட்டாளியாகக் கொண்டு கார், தாகூர் கம்பெனியைத் தோற்றுவித்தார். அவுரியும் பட்டும் சர்க்கரையும் அவர்தம் சரக்குகள். குமர்காளி என்னுமிடத்தில் பட்டுக்கூட்டினின்று நூலெடுக்கும் சாலையும் அவர்க்கிருந்தது. சீன மக்களைக் கெடுத்த அபினி வாணிகத்திலும் அவர்க்குப் பங்குண்டு. அதனை மறைத்தெழுதுதல் வரலாறாகாது.

இனிக் கப்பல்களைப் பற்றிக் கூறுவோம். கல்கத்தாத் துறைமுகம் கடற்கரையில் உள்ளதன்று. ஹூக்ளி ஆற்றின்வழி நெடுந்தூரம் உள்ளே செல்லல் வேண்டும். ஆறோ வளைந்து வளைந்து செல்வது. மணல்மேடுகள் இடம் மாறிக்கொண்டே யிருக்கும். பாய்க்கப்பல்கள் காற்றை எதிர்நோக்கி நாட்கணக்கில் ஆற்றிற் கிடந்து வாடின. நீராவியால் இயங்கும் சிறு கப்பலொன்று கயிறுகட்டி அவற்றை இழுத்துச் செல்லுமாயின் காற்றுக்குக் காத்திருக்க வேண்டா. இதனை உணர்ந்த துவாரகநாதர் கூட்டாளிகளைச் சேர்த்துக் கல்கத்தா நீராவி இழுவைக் கப்பற் சங்கத்தை அமைத்தார். கப்பலுக்குக் கரி வேண்டுமே! 1836-இல் இராணிகஞ்சு நிலக்கரிச் சுரங்கத்தை எழுபதினாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். வெட்டிய கரி, தாமோதர நதியில் மழைக்காலத்து வெள்ளம் வரும்பொழுது படகுகளில் ஏறிக் கல்கத்தா சேர்ந்தது. கரி தம்முடையது, கப்பல் தம்முடையது, முதல் கொடுக்கும் யூனியன் பாங்கியிலும் தம் கையே ஓங்கியது. இத்துணைப் பொருத்தமாக ஒன்றோடொன்றைப் பிணைத்த இந்தியர் அக்காலத்தில் வேறொருவர் இருந்தனரெனக் கூற யாம் துணியோம். ஆயினும் ஓரிழை அறின் பாவு முழுதும் தளரும் என்பதை நெசவாளர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

1842 ஜனவரி 9-ஆம் நாள், இந்தியா என்னும் பெயர்கொண்ட தமது நீராவிக் கப்பலில் ஏறிச் சூயஸ் நோக்கிப் புறப்பட்டார். சூயஸ் கால்வாய் 1869-இல்தான் திறக்கப்பட்டதாதலின், ஆண்டு இறங்கித் தரைவழியே எகிப்தைக் கடந்து, மீண்டும் கடலேறி, இத்தாலி முதலிய நாடுகளைக் கண்டு இங்கிலாந்தை அடைந்தார். விக்டோரியா மகாராணியார் அவரை விருந்தினராக ஏற்றனர். அரண்மனையோடு நில்லாமல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களையும் சென்று பார்த்தார் என்பதே எம் உள்ளத்தைக் கவர்ந்த செய்தி. பிரிஸ்டலில் தம் நண்பர் இராஜாராம் மோகன்ராயரின் உடலை வேறிடத்தில் அடக்கஞ்செய்து நினைவுமண்டபம் எழுப்புவித்தவரும் இவரே.

கடல் கடத்தலை அக்காலத்துச் சாதியார் பெருங்குற்றமாகக் கொண்டனர். அதற்கு முன்பே இல்லத்தில் பிளவு நேர்ந்திருந்தது. ஐரோப்பியரோடு கலந்துண்டமை பற்றி அவர்தம் மனைவியார் திகம்பரி தேவியார் கணவரை விட்டு விலகி ஆசாரத்துடன் வாழ்ந்து, 1839-இல் காலமாயினர். கணவர் பெற்ற புகழைக் காட்டிலும் அவ்வம்மையார் பட்ட துயரம் சிறிதென்று எண்ணற்க.

1845-இல் மீண்டும் சீமை சென்றவர், மருத்துவம் பயிலும் வங்க மாணவர் இருவர்க்குத் தம் செலவிலேயே அங்குப் படிக்க வழிசெய்தார். 1846 ஆகஸ்டு முதல்நாள் இலண்டனில் உயிர்நீத்தார். கென்சல்கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஈராண்டு நிறைவதற்குள், 1848 ஜனவரியில் யூனியன் பாங்கி முறிந்தது. அவுரியை நம்பிக் கொடுத்த கடன்கள் திரும்பவில்லை. கார், தாகூர் கம்பெனியும் வீழ்ந்தது. துவாரகநாதரோ 1840-இலேயே தம் ஜமீன்களிற் சிலவற்றைக் கடன்காரர் தீண்டவொண்ணாதபடி மக்களுக்கென்று தர்மகர்த்தாப் பத்திரம் எழுதி வைத்திருந்தார். சட்டப்படி மைந்தர் அவற்றை வைத்துக்கொண்டிருக்கலாம். மூத்த மைந்தர் தேவேந்திரநாதர், அவற்றையும் சேர்த்தே கடன்காரர்முன் வைத்தார். அவர் நேர்மையைக் கண்ட கடன்காரர், சொத்தின் நிர்வாகத்தை அம்மைந்தரிடமே விடுத்தனர். வண்டி குதிரைகளை விற்று, வீட்டுச் செலவைச் சுருக்கி, பல்லாண்டுகள் உழைத்துக் கடன்கள் தீர்க்கப்பட்டன. ஏழைகட்கு உதவும் ஒரு தர்ம சங்கத்துக்குத் தந்தையார் ஓரிலக்கம் ரூபாய் தருவதாக வாக்களித்திருந்தார். அது கடனன்று, வாக்கே. அத்தொகையையும் வட்டியோடு தேவேந்திரநாதர் செலுத்தினார்.