உழைப்பாளர் சிலையைத் தந்த ராய் சவுத்ரி

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, இஞ்சினியர்தானே, ஏதாவது விஞ்ஞானியைப் பற்றி எழுதுவான் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எழுத வந்தது ஒரு சிற்பியைப் பற்றி. அதற்குக் காரணம் நம் கல்லூரிச் சுற்றுலாதான்.

மூன்றாம் ஆண்டில் தொழிற்சாலை பார்க்கச் சென்னைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? மாலையில் மெரினாவில் இறக்கிவிட்டார்கள். எல்லோரும் அலையைப் பார்த்து ஓடினார்கள். நான் உழைப்பாளர் சிலை முன்னால் நின்றுவிட்டேன். என் அப்பா தறி நெய்தவர். ஜலகண்டாபுரத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை, பாதி ஊர் நெசவுதான். நாள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்து எழுந்தால் அவர் முதுகு எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாலு பேருடைய முதுகிலும் அதே வலி இருந்தது. இதைச் செய்தவன் வேலை செய்கிற உடம்பை நெருக்கத்தில் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆள் யாரென்று தேடினால், ஜமீன் குடும்பத்தில் பிறந்த வங்காளி!

தேவி பிரசாத் ராய் சவுத்ரி 1899 ஜூன் 15 அன்று, இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர் தாஜ்ஹாட்டில் பிறந்தார். ஓவியம் கற்றது அவனீந்திரநாத் தாகூரிடம். சிற்பம் கற்றது ஹிரண்மய் ராய் சவுத்ரியிடம். குஸ்தி போடுவார், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார், வங்காளியில் சிறுகதையும் எழுதுவார். குஸ்தி போட்டதை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது. எந்தத் தசை எப்போது இறுகும் என்பதைப் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் இல்லை அவர்.

1929 வாக்கில் சென்னை அரசு கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. அதுவரை தலைமை நாற்காலியில் வெள்ளைக்காரர்களே இருந்தார்கள். அதில் உட்கார்ந்த முதல் இந்தியர் இவர். அங்கே அதற்கு முன் பெரிதும் நடந்தது கைத்தொழில்: உலோக வேலை, தச்சு, மண்பாண்டம். நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்குக்கூட அந்தப் பள்ளிதான் ஆரம்பம். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற இஞ்சினியர் 1890-களின் கடைசியில் அங்கே அந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தார். (நம் ஆள் ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார் பாருங்கள்.) பட்டறையாக இருந்த அந்த இடத்தை ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமான இடமாக மாற்றியவர் ராய் சவுத்ரி. கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சிலை என்றால் கல்லும் உளியும்தான். கல்லில் வேண்டாததை வெட்டி எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு அடி தப்பினால் போச்சு. இவர் முறை நேர் எதிர். உள்ளே ஒரு எலும்புக்கூடு மாதிரி சட்டம், அதன்மேல் களிமண்ணை அப்பி அப்பி உருவத்தை வளர்ப்பது. பிறகு பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அதிலிருந்து வெண்கல வார்ப்பு. பெரிய வெண்கலச் சிலைகள் உள்ளே கூடுதான், சுவாமிமலை விக்கிரகம் போலக் கெட்டியாக வார்ப்பதில்லை. கெட்டியாக வார்த்தால் எடையும் தாங்காது, ஆறும்போது விரிசலும் விடும். பிரான்ஸ் நாட்டு ரோதேனைப் போலவே இவரும் விரல் பதிந்த மேடு பள்ளத்தை வழித்து மழமழப்பாக்கவில்லை. அதனால்தான் வெயில் நகர நகர அந்த உடம்புகள் அசைவது போல இருக்கின்றன.

உழைப்பாளர் சிலை 1959 ஜனவரி 25-ல், குடியரசு தினத்துக்கு முதல் நாள் நிறுவப்பட்டது. காமராஜர் முதல்வராக இருந்த காலம். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். நாலு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள், அவ்வளவுதான் சங்கதி. முகத்தில் வீரம் இல்லை, கையில் கொடி இல்லை. கோவணமும் தலைப்பாகையும் மட்டும். நான் ஊருக்குத் திரும்பியதும் நோட்டில் அந்த நாலு பேருக்கும் விசைப் படம் போட்டுப் பார்த்தேன். கால் ஊன்றிய இடம், இடுப்பு முறுக்கு, பாறைமேல் விழும் தள்ளல் எல்லாம் ஏறத்தாழ ஒத்துவந்தது. பாறை மட்டும் இன்னும் நகரவில்லை. அது சரிதான் என்று இப்போது படுகிறது.

அதே 1959-ல்தான் மெரினாவில் இவர் செய்த காந்தி சிலையும் வந்தது. ஆனால் என் மனசுக்கு அதைவிடப் பெரியது பாட்னாவில் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் 11-ல் தலைமைச் செயலகத்தில் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்ட ஏழு மாணவர்களின் நினைவுச் சின்னம் அது. 1956-ல் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். ஒருவன் கொடியோடு முன்னே போகிறான், பின்னால் ஒவ்வொருவனாக விழுகிறான். இந்த மலரைப் படிக்கும் தம்பி தங்கைகள் வயசுதான் அவர்களுக்கு. பாட்னா பக்கம் வேலைக்குப் போனால் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

பட்டங்களுக்குக் குறைவில்லை. 1954-ல் லலித் கலா அகாடமியின் முதல் தலைவர், 1958-ல் பத்ம பூஷண். ஆனால் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. இவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் இவர் பாணியைப் பின்பற்றவில்லை. உடம்பை உள்ளபடி காட்டும் கலை போதும் என்று கோடும் வடிவமும் தேடிப் போனார்கள். இவருக்குப் பின் அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்றவர் அதே பணிக்கர். 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவரும் அவரே. அடுத்த தலைமுறைக்கு ராய் சவுத்ரி பழைய ஆள் ஆகிவிட்டார். வாத்தியார் சொன்னதையே திருப்பிச் செய்யும் மாணவரை மட்டும் உருவாக்கியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் கட்சி. நண்பர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

ஓய்வுக்குப் பிறகும் கை ஓயவில்லை. தண்டி யாத்திரையைப் பதினோரு உருவங்களில் செய்துகொண்டிருந்தார். அது முடிந்து டெல்லியில் நிற்பதைப் பார்க்க அவர் இல்லை. 1975 அக்டோபர் 15-ல் காலமானார். ஆனால் அந்தச் சிலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம், கோலூன்றி முன்னே போகும் காந்தியும் பின்னால் வரும் கூட்டமும் இருந்ததே, அதுதான். என் முதல் மாசச் சம்பளத்தை அந்த நோட்டுகளாகத்தான் அப்பா கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, தறிக்குழியில் மறுபடி இறங்கினார்.