மார்கரெட் கசின்ஸ் அம்மையார்

திருப்பதிக்கு மேற்கே மதனப்பள்ளி என்னும் ஊர் உள்ளது. அந்நாளில் அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1919ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் அவ்வூர்க் கல்லூரிக்கு வந்து தங்கினார். தாம் இயற்றிய ‘ஜன கண மன’ பாடலை அங்கே பாடினார். அதன் இசையைக் கேட்டுச் சுரக்குறிப்பாக எழுதியவர், கல்லூரி முதல்வரின் துணைவியாராகிய மார்கரெட் கசின்ஸ். பள்ளிதோறும் ஒலிக்கும் நாட்டுப்பண்ணோடு அவர் பெயர் இவ்வாறு இணைந்தது. ஆயினும், அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டது வேறொரு பணிக்காகும். பெண் என்னும் ஒரே காரணத்தால் ஒருவருக்கு வாக்கும் தொழிலும் பதவியும் மறுக்கப்படுவதை அவர் எங்கும் ஏற்கவில்லை.

அம்மையார் 1878இல் அயர்லாந்து நாட்டிலுள்ள பாயில் என்னும் ஊரில் பிறந்தார். இசையில் பட்டம் பெற்றார். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடி, இலண்டனிலும் அயர்லாந்திலும் சிறைவாசம் ஏற்றார். 1915இல் கணவருடன் இந்தியா வந்தார்.

1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அதை நிறுவியோருள் அம்மையாரும் ஒருவர். அவ்வாண்டு இறுதியில், சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று, சென்னைக்கு வந்திருந்த ஆங்கிலேய அமைச்சர் மாண்டேகுவைக் கண்டு வாக்குரிமை கோரியது. அச்சந்திப்புக்கு முயன்றவர் அம்மையாரே. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. சொத்துடைய சிலருக்கே அது கிட்டியது என்பது வேறு செய்தி.

தொழில் உரிமையோ இன்னும் தொலைவில் இருந்தது. சட்டத் தேர்வில் வென்ற பெண்களை வழக்கறிஞர்களாகப் பதிவுசெய்ய 1916இல் கல்கத்தா உயர்நீதிமன்றமும், 1921இல் பாட்னா உயர்நீதிமன்றமும் மறுத்தன. சட்டம் குறிப்பிடும் வழக்கறிஞர் ஆண்மகனே என நீதிபதிகள் பொருள் கொண்டனர். அந்த ஆண்டுகளில்தான் சென்னையில் அம்மையார் மதிப்புறு நடுவராக அமர்த்தப்பட்டார். இந்தியாவில் அப்பதவியை ஏற்ற முதல் பெண் அவரே. வழக்காட நிற்பதற்குப் பெண்ணுக்குத் தடை. தீர்ப்புக் கூறும் இருக்கையிலோ ஒரு பெண்! 1923இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம் ஒன்று வழக்கறிஞர் தொழிலில் இருந்த தடையையும் நீக்கியது.

ஆங்கில அரசு தந்த அப்பதவி அம்மையாரின் வாயை அடைக்கவில்லை. 1932இல், பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பொதுமேடையில் பேசினார். அதற்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முன்னர் நடுவராக அமர்ந்தவர், சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரின் பெண்கள் சிறையில் கைதியாக அடைக்கப்பட்டார்.

1940களில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1950 சனவரி 26இல் இந்திய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பணிகளில் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டலாகாது என அதன் 16ஆம் பிரிவு விதித்தது. அதன்பின் நான்கு ஆண்டுகள் வாழ்ந்த அம்மையார், 1954இல் மறைந்தார்.